அண்ணன் பெயரில் ஒரு பேக்கேஜ்

திரையின் இடது ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது. வீடியோ அழைப்பில் என் அண்ணன் நடுவில் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத நீலச் சட்டை, பின்னால் டெக்சஸில், காப்பெலில் இருக்கும் அவன் வீட்டின் வெள்ளைச் சுவர். அந்தக் கை அவன் முன்னால் இருந்த கீபோர்டைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, தடுமாறாமல் எதையோ டைப் செய்து, கடைசி விசையை மட்டும் சற்று ஓங்கித் தட்டிவிட்டு, வந்த வழியே போய்விட்டது. மணிக்கட்டில் சிறுமிகள் தலைமுடிக்குப் போடும் ஊதா ரப்பர் பேண்ட் ஒன்று இருந்தது. அண்ணன் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டால் இப்படித்தான் சிரிப்பான். அது அண்ணியின் கை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அழைப்பில் இருந்த எங்கள் மேலாளருக்குத் தெரியாது.

நான் நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில், மருத்துவமனை மருந்தகங்களுக்கு மென்பொருள் எழுதும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எழுதுகிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோமே தவிர, அதில் பெரும்பகுதி எங்கள் கையால் எழுதியதில்லை. எங்கெங்கோ இருக்கும் யார் யாரோ எழுதி, பொதுவில் இலவசமாக வைத்திருக்கும் சிறு சிறு நிரல்களை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறோம். தேதி கணக்கிட ஒன்று, பார்கோடு படிக்க ஒன்று. பேக்கேஜ் என்று அவற்றுக்குப் பெயர். இந்தியக் கடையில் இட்லி மாவு பாக்கெட் வாங்குகிற மாதிரிதான் இதுவும். அரைத்தது யார், கை கழுவினாரா என்று யாரும் விசாரிப்பதில்லை; போன வாரம் வாங்கிய மாவு நன்றாகப் பொங்கியிருந்தால் இந்த வாரமும் வாங்குகிறோம். வேறு ஏதோ ஒரு இடத்தில், இப்படி ஒரு பேக்கேஜை வெளியிடுகிறவரின் கணக்கை யாரோ திருடி, உள்ளே நாச நிரலைக் கலந்து வெளியிட்டுவிட்டார்கள் என்று ஒருநாள் செய்தி வந்தது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எங்கள் மேலாளர், பேச்சைவிட யோசனை அதிகமுள்ள வெள்ளைக்காரப் பெண்மணி, மாவு அரைத்தவரை நேரில் பார்த்தே தீரவேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

அதற்கு முன்பும் நாங்கள் சரிபார்க்காமல் இல்லை. ஒவ்வொரு பேக்கேஜிலும் வெளியிட்டவரின் மின்கையொப்பம் இருக்கும். அதைப் போடுவதற்கு ஒரு ரகசியச் சாவி, சாவியைத் திறக்க ஒரு கடவுச்சொல். கையொப்பம் பொருந்தினால் பச்சை டிக் வரும். டிக் வந்தால் நாங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுவோம். அந்தப் பச்சை டிக் உண்மையில் சொல்வது கொஞ்சம்தான். போன முறை வெளியிட்ட அதே சாவியால்தான் இந்த முறையும் வெளியிட்டிருக்கிறார்கள் என்கிறது. சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இதைத்தான் மேலாளர் பிடித்துக்கொண்டார். மருந்தளவோடு சம்பந்தப்பட்ட பேக்கேஜ்கள் எல்லாவற்றுக்கும், வெளியிட்டவரை வீடியோவில் பார்க்க வேண்டும், அடையாள அட்டையைக் காட்டச் சொல்ல வேண்டும், நம் கண்முன்னால் ஒரு சோதனை வெளியீடு செய்யச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அந்தப் பேக்கேஜ் எங்களுக்கு வேண்டாம்.

அப்படிப் பார்க்க வேண்டியவற்றில் ஒன்று, குழந்தையின் எடைக்கு இத்தனை மில்லி என்று மருந்தளவு கணக்கிடும் சின்னப் பேக்கேஜ். பல வருடங்களாகப் பல நிறுவனங்கள் பயன்படுத்தி வருவது. வெளியிட்டவர் கணக்கின் பெயரைப் பார்த்ததும் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அண்ணனுக்குக் கல்லூரி விடுதியில் வைத்த பட்டப்பெயரும் எங்கள் ஈரோட்டு வீட்டுக் கதவு எண்ணும் சேர்ந்த பெயர் அது. இன்னொருவருக்கு அமைய வாய்ப்பே இல்லை. நேராக மேலாளரிடம் போய், இது என் உடன்பிறந்தவன் என்று சொன்னேன். அப்படியானால் இதை நீ சோதிக்கக் கூடாது, வேண்டுமானால் அழைப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திரு என்றார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை, பெருமைதான் தாங்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அவன் எப்பவும் அப்படித்தான், செஞ்சதைச் சொல்லிக்கத் தெரியாது" என்றார் அம்மா. புல்வெட்டும் மெஷின் வாங்கினால்கூடக் குடும்ப வாட்ஸாப்பில் நாலு கோணத்தில் படம் போடுகிறவனைப் பற்றி அம்மா சொன்னது இது.

அண்ணனே மாலையில் கூப்பிட்டான். "ஏண்டி, உங்க ஆபீஸ்ல இருந்து மெயில் வந்திருக்கு. பாஸ்போர்ட் எல்லாம் காட்டணுமாம். என்ன, இமிக்ரேஷன் கவுன்ட்டர் வச்சிருக்கீங்களா?" என்றான். இவ்வளவு நல்ல வேலையை ஏன் எங்களிடம் சொல்லவே இல்லை என்று கேட்டேன். "அது சும்மா, ஒரு டைம்பாஸ்டி" என்று சொல்லி, டெக்சஸ் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். அவன் பேச்சை மாற்றுகிறான் என்று தெரிந்தது. தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். தன்னடக்கத்துக்கும் அவனுக்கும் ஒருநாளும் ஆகாது என்பது எனக்கு அப்போது ஏன் நினைவுக்கு வரவில்லையோ தெரியாது.

அண்ணியைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பொள்ளாச்சிப் பக்கம். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்து, கல்யாணத்துக்கு முன் அங்கேயே வேலை பார்த்தவர். அண்ணனோடு சார்பு விசாவில் இங்கே வந்தார். அந்த விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. பெண் பிறந்தாள், பையன் பிறந்தான். வெகுநாள் கழித்து வேலை செய்யும் அனுமதி வந்தது. அதன் பிறகு அவர் விண்ணப்பிக்காத கம்பெனி டாலஸ் வட்டாரத்தில் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: இத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? போனில் அதைச் சொல்லும்போது அண்ணி குரலை உயர்த்த மாட்டார். "குழந்தை வளர்த்தேன்னு சொன்னேன் கண்ணு. சரிங்கன்னு சிரிக்கறாங்க. அப்புறம் மெயிலே வர்றதில்ல" என்பார். நானும் எல்லாரையும் போல, கிடைச்சுடும் அண்ணி என்று சொல்லி வைப்பேன். ஒரு பெண்ணின் இளமையில் பாதி, கேட்கிறவர்களுக்கு வெற்றிடமாகத் தெரிந்துகொண்டிருந்தது.

இனி அந்த அழைப்பு. அண்ணன் பாஸ்போர்ட்டைக் காட்டினான், முகம் பொருந்தியது. கணக்கைத் திறந்து காட்டினான், அதுவும் சரி. சோதனையாக ஒரு வெளியீடு செய்யுங்கள் என்றார் மேலாளர். அங்கேதான் சாவியின் கடவுச்சொல் கேட்டது. அண்ணன் திரையைப் பார்த்தான், பிறகு இடப்பக்கம் திரும்பிப் பார்த்தான், அந்தக் கை வந்து போனது. பச்சை டிக் வந்தது. வழக்கமான நாளாக இருந்தால் நாங்கள் சாப்பிடப் போயிருப்போம். மேலாளர் மட்டும், இது யாருடைய கை என்று கேட்டார். மனைவியுடையது என்றான் அண்ணன். உங்கள் மனைவிக்குக் கடவுச்சொல் தெரியுமா? தெரியும். உங்களுக்கு? அண்ணன் மறுபடியும் அதே சிரிப்பைச் சிரித்தான். நான் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அண்ணி திரைக்குள் வந்து உட்கார்ந்தார். அண்ணன் பாதி வெளியே போய்விட்டான்; ஒரு தோள் மட்டும் தெரிந்தது. நான்தான் எழுதினேன், முதலிலிருந்து எல்லாமே நான்தான், கணக்கு மட்டும் அவருடையது என்று அண்ணி நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார். இதைச் சொல்ல யார் வேண்டுமானாலும் முன்வரலாம் என்பது மேலாளருக்குத் தெரியாதா? அவர் சான்றிதழ் எதையும் கேட்கவில்லை. உங்கள் பேக்கேஜில் ஒரு வினோதம் இருக்கிறது, ஒரு மில்லியில் எவ்வளவு மருந்து என்ற அடர்த்தியைக் கொடுக்காவிட்டால் அது கணக்கே போட மறுக்கிறது, மற்றவர்கள் எல்லாரும் வழக்கமான அடர்த்தி என்று ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள், நீங்கள் ஏன் அப்படிச் செய்யவில்லை என்று கேட்டார்.

அதற்கு அண்ணி சொன்னதுதான், அந்தப் பேக்கேஜ் பிறந்த கதை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் பகலில் அவளுக்குக் காய்ச்சல். அண்ணன் ஆபீசில். இங்கே இருக்கும் நம்மவர்கள் எல்லார் வீட்டு அலமாரியிலும் ஊரிலிருந்து பெட்டியில் வந்த மருந்துகள் இருக்கும். என் அம்மா ஈரோட்டில் வாங்கிக் கொடுத்தனுப்பிய காய்ச்சல் சிரப் அண்ணி வீட்டில் இருந்தது. அளக்கிற குட்டிக் கப்போ, எப்போதோ தீர்ந்துபோன அமெரிக்க சிரப் பாட்டிலோடு வந்தது. கப்பில் குழந்தையின் எடைக்கு எது என்று பார்த்துவைத்திருந்த கோடு வரை ஊற்றிக் கொடுத்துவிட்டார். ஊர் மருந்து அதைவிடக் கெட்டி. குழந்தை தூங்கிய பிறகுதான் பாட்டிலைத் திருப்பிப் படித்தார். செவிலியர் உதவி எண்ணைக் கூப்பிட்டால், எந்த அடர்த்தி என்பதுதான் அவர்கள் கேட்ட முதல் கேள்வி. பாட்டிலில் போட்டிருந்ததை வாசித்தார். அந்தப் பக்கம் கணக்குப் போட்டு முடிக்கும்வரை அண்ணி குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பயப்பட ஒன்றுமில்லை, அடுத்த வேளையைத் தள்ளிப் போடுங்கள் என்றார்கள். குழந்தை எழுந்து பால் கேட்டது. அதோடு விட்டிருக்கலாம். அண்ணி வீட்டில் இருந்த லேப்டாப்பைத் திறந்து, அடர்த்தியைச் சொல்லாவிட்டால் பதிலே சொல்லாத ஒரு நிரலை எழுதினார். எதையும் தானாக ஊகிக்கக் கூடாது என்பதுதான் அதன் முதல் விதி என்று மேலாளரிடம் சொன்னார். மேலாளர் வெகுநேரம் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

முடிவு சுருக்கமாக வந்தது. எழுதியவர் நீங்கள்தான் என்று நம்புகிறேன், ஆனால் வெளியிட்டவர் பெயர் பொய்யாக இருக்கும் பேக்கேஜை எங்களால் வைத்துக்கொள்ள முடியாது. உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கி அங்கிருந்து வெளியிட்டால் மறுபடி பார்க்கிறோம் என்றார். அழைப்பு முடிந்ததும் அண்ணன் எனக்குப் போன் செய்து கத்தினான். "நான் எழுதினேன்னு நான் எங்கயாவது சொல்லியிருக்கேனா?" பின்னால் அண்ணியின் குரல் கேட்டது. "எழுதலைன்னும் சொல்லலீங்களே." அவன் ஆபீசில் யாரோ இந்தப் பேக்கேஜைக் கண்டுபிடித்து, எல்லாரும் பார்க்கும்படி அவனைப் பாராட்டி எழுதியிருந்தார்களாம். அவன் அதற்குக் கட்டைவிரல் எமோஜி ஒன்றைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கிறான். அவனுக்குத் திருட்டுப் புத்தி கிடையாது. தானாக மடியில் வந்து விழுவதை எழுந்து உதறுவதற்குத்தான் சோம்பல்.

அந்த வருடம் நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்குக் காப்பெல் போயிருந்தேன். சமையலறையில் அண்ணி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது, ஏன் அண்ணி அப்போதே உங்கள் பெயரில் போடவில்லை என்று கேட்டேன். அவர் நறுக்குவதை நிறுத்தாமலேயே பதில் சொன்னார்.

"இங்க வந்தப்ப கரண்ட் பில்லு, போன், லீஸ், கார், எல்லாம் உங்கண்ணன் பேர்ல. லைப்ரரி கார்டு ஒண்ணுதான் எம்பேர்ல. லேப்டாப்ல அவங்க அக்கவுண்ட் ஏற்கனவே ஓப்பன்ல இருந்துச்சு. அதுலயே போட்டுட்டேன். அப்பறம் யாரோ வாட்ஸாப் குரூப்ல போட்டாங்க, இந்த விசால இருக்கறவங்க எதையும் பேர் போட்டு வெளிய விடக்கூடாது, வேலை பார்த்த மாதிரி ஆயிடும்னு. அது நெசமா பொய்யான்னு யாரையும் கேக்கல. எதுக்குடா வம்புன்னு உட்டுட்டேன்."

"ஒர்க் பர்மிட் வந்ததுக்கு அப்புறமாவது மாத்தியிருக்கலாமே அண்ணி?"

"அதுக்குள்ள அது ஊரெல்லாம் ஓடிட்டு இருந்துச்சு கண்ணு. எம்பேருக்கு மாத்துனா, யாரு இவங்கன்னு கேப்பாங்க. பயந்து உட்டுட்டுப் போயிருவாங்க. பேர் போனாப் போகுது, அது ஓடோணும்னு இருந்தேன்." கத்தியைக் கீழே வைத்தார். "இப்ப அப்படி இல்ல. இன்டர்வியூல கேக்கறாங்க பாரு, என்ன பண்ணீங்கன்னு. இதத்தான் பண்ணேன்னு சொல்லோணும். சொன்னா, திறந்து பாக்கறவங்களுக்கு எம்பேரு தெரியோணும்." நான் கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டுக்கொண்டே இருந்தேன். அவரைத் திருமணம் முடிந்த நாளிலிருந்து தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் எனக்கே வெட்கமாக இருந்தது.

புது வருடம் பிறந்ததும் அண்ணி தன் பெயரில் கணக்குத் தொடங்கி, தன் பெயரில் புதுச் சாவி செய்து, பழைய சாவியால் அதற்குச் சான்றொப்பமும் போட்டு, முறைப்படி எல்லாம் செய்து அடுத்த வெர்ஷனை வெளியிட்டார். அன்று காலை எங்கள் அலுவலகத்தில் சிவப்பு எச்சரிக்கை அடித்தது. இத்தனை வருடம் எழுதாதவன் பெயருக்குப் பச்சை காட்டிய அதே கருவி, எழுதியவரின் பெயரைக் கண்டதும், வெளியிட்டவர் மாறிவிட்டார், முன்பின் தெரியாதவர், நம்ப வேண்டாம் என்றது. மற்ற நிறுவனங்களிலும் அடித்திருக்க வேண்டும். அந்தப் பேக்கேஜின் பொதுப் பக்கத்தில் கேள்விகள் குவிந்தன. யார் இந்தப் பெண்? பழைய ஆசிரியரை என்ன செய்தீர்கள்? கணக்கைத் திருடியவர்களிடம் பழைய சாவியும் இருக்குமே, அதனால் இந்தச் சான்றொப்பம் செல்லாது என்று ஒருவர் விளக்கமாக எழுதியிருந்தார். அவர் சொன்னதில் தவறில்லை. எங்கள் வேலையில் சந்தேகப்படுகிறவரைக் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் படிக்கப் படிக்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

அண்ணனுக்கு இந்த முறை உண்மையாகவே மனசு கேட்கவில்லை. "பழைய அக்கவுண்ட்ல இருந்து ஒரே ஒரு லைன், இவங்கதான் ஆத்தர், நான் இல்லைன்னு போட்டுடறேன். அத்தோட முடிஞ்சிடும்" என்றான். முடிந்துதான் போயிருக்கும், அந்தப் பெயருக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. என்னிடம் போனில் சொன்னார்: "அந்த அக்கவுண்ட்ல இத்தன வருசமா பேசுனதே நாந்தான் கண்ணு. ஒரு எழுத்து அவங்க எழுதுனதில்ல. இப்ப அவங்க பேர்ல உக்காந்துக்கிட்டு எனக்கு நானே சர்டிபிகேட் குடுக்கச் சொல்றாங்களா? இல்ல, அவங்களே எழுதி, அவங்க சொன்னதால என்னை நம்போணுமா? ரெண்டும் வேண்டாம். கேக்கறவங்க எங்கிட்டயே கேக்கட்டும்."

கேட்டார்கள். அண்ணி ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினார். இந்த இடத்தில் ஏன் இப்படி வகுக்கிறீர்கள், அந்தப் பழைய வெர்ஷனில் இருந்த பிழையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், இந்தச் சோதனையில் வரும் குழந்தையின் எடை ஏன் இப்படி அரைகுறையான எண்ணாக இருக்கிறது என்றெல்லாம் கேட்டார்கள். அது என் பெண்ணின் அன்றைய எடை என்று பதில் போட்டார். சில நிறுவனங்கள் விட்டுப் போயின. எங்கள் மேலாளர் போகவில்லை. மறுபடி ஒரு வீடியோ அழைப்பு வைத்து, இந்த முறை அண்ணியின் பாஸ்போர்ட்டைப் பார்த்து, அண்ணியே கடவுச்சொல்லைத் தட்டுவதைப் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுத்தார். நான் வழக்கம்போல் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளிகள் கோடை விடுமுறை முடிந்து திறந்த சமயத்தில், டாலஸில் ஒரு மருத்துவ மென்பொருள் கம்பெனி அண்ணியை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்று அங்கேயும் கேட்டார்கள். அண்ணி அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினாராம், திட்டுகள் உட்பட.

இப்போதெல்லாம் வெளியீட்டாளரைச் சரிபார்க்க எவ்வளவோ புதுக் கருவிகள் வந்துவிட்டன. நிரல் எந்தக் கணினியில் தொகுக்கப்பட்டது, எந்தக் கணக்கிலிருந்து புறப்பட்டது, வழியில் யாராவது தொட்டார்களா என்று பிசிறில்லாமல் காட்டுகின்றன. நான் அவற்றை வைத்துத்தான் பிழைக்கிறேன், குறை சொல்லப் போவதில்லை. அவை காட்டும் பெயர்களைப் பார்க்கும்போது மட்டும், இந்த வீட்டில் கரண்ட் பில் யார் பெயரில் வருகிறதோ என்று ஒரு நினைப்பு ஓடும்.

அந்தப் பொதுப் பக்கத்தில் ஒருவர் மட்டும் கடைசிவரை விடவில்லை. ஏதோ ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநர் என்று தெரிந்தது. மற்றவர்கள் எல்லாரும் அடங்கிய பிறகும் மாதம் ஒருமுறை வந்து கேட்பார். அண்ணி அந்த டாலஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்கள் ஆகியிருந்த ஒரு பிற்பகலில் அவர் மறுபடி எழுதினார். எல்லாம் சரி, உங்கள் விளக்கங்களில் குறையில்லை, ஆனால் முன்பு வெளியிட்டுவந்தவர் எங்கே, அவர் ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை, அவருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லையே என்று கேட்டிருந்தார். மிரட்டலாக இல்லை, நிஜமான கவலையாகத்தான் இருந்தது. நான் வெஸ்ட் வின்ட்சரில் என் மேசையில் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கீழே அண்ணியின் பதில் வந்து விழுந்தது. ஆங்கிலத்தில் மூன்றே வரி. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன்.

"அவர் நன்றாக இருக்கிறார். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருக்கிறார். நான் வேலையில் இருக்கிறேன்."